கரண்ட் பில்லும் கேஸ் செலவும் ஏறிக்கொண்டே போகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மதுரையில் ஒரு வீட்டுக் கரண்ட் பில் கூடினால் முதல் பழி மீட்டர் மேல் விழும். அடுத்து ரீடிங் எடுக்க வந்தவர் மேல், கடைசியாக அரசாங்கத்தின் மேல். இந்த மூன்றில் ஒன்று சரியாகவே இருக்கலாம். ஆனால் எது என்று தெரியாமல் ஈ.பி. ஆபீஸுக்குப் போனால், "நீங்க யூஸ் பண்ணதுதான் சார் வந்திருக்கு" என்ற ஒரே பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன், யாரிடமும் சண்டைக்குப் போவதற்கு முன், ஒரு கேள்விக்கு விடை காணுங்கள். கூடியது விலையா, அளவா? யூனிட் கூடியிருந்தால் கோளாறை வீட்டுக்குள் தேட வேண்டும். யூனிட் அப்படியே இருந்து ரூபாய் மட்டும் கூடியிருந்தால் வீட்டுக்குள் தேடி எந்தப் பயனும் இல்லை. கேஸிலும் இதேதான்: சிலிண்டர் விலை கூடியது ஒரு பிரச்சினை, சிலிண்டர் சீக்கிரம் தீர்வது வேறு பிரச்சினை.

கையில் வேண்டியவை இவ்வளவுதான். ஈ.பி. கார்டு, அல்லது மின்வாரிய இணையதளத்தில் உங்கள் சர்வீஸ் நம்பரைப் போட்டால் வரும் பழைய பில் விவரம் (மதுரை மண்டலத்து நம்பர்கள் 05 என்று தொடங்கும்). கடைசி சில கேஸ் ரசீதுகள், ஒரு நோட்டு, ஒரு பேனா. பில்லை ஒப்பிடும்போது போன பில்லோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்து பில்லோடு ஒப்பிடுங்கள். மாசி மாதத்து பில்லையும் கத்திரி வெயில் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடிப்பதில் அர்த்தமில்லை.

"யூனிட் அதேதான், ரூபாய் மட்டும் கூடியிருக்கு"

இது விலை. தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு வருடம் மின்கட்டணம் ஏறவே இல்லை. 2022 செப்டம்பர் 10 முதல் ஒரேயடியாக ஏறியது. அந்த உத்தரவிலேயே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இன்னொன்றையும் சேர்த்துவிட்டது. ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் மாறும், அதிகபட்சம் 6 சதவீதம் என்பதுதான் அது. 2023-ல் 2.18 சதவீதம் வந்தது. வீடுகளுக்கு அதை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ல் வந்த 4.83 சதவீதம் வீடுகளுக்கும் விழுந்தது. 2025-ல் 3.16 சதவீதம், வீடுகளுக்கு மறுபடி விலக்கு. ஆகவே ஆடி மாதம் வரும் பில்லை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

2024 ஜூலை விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. வீட்டு இணைப்புக்கு முன்பு இருந்த நிலைக்கட்டணம் 2022-லேயே போய்விட்டது. ஆகவே கணக்கு நேரானதுதான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். 300 யூனிட்டுக்கு 705 ரூபாய், 400-க்கு 1,175 ரூபாய்.

உங்கள் கணக்கும் பில்லும் ஒத்துப்போகவில்லையா? கீழே உள்ளவற்றில் ஒன்று இருக்கும்.

கூடுதல் வைப்புத்தொகை. உங்கள் உபயோகம் கூடியிருந்தால், பழைய டெபாசிட் போதாது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்பார்கள். அது செலவு இல்லை, உங்கள் கணக்கில் இருக்கும் பணம், வட்டியும் உண்டு. ஆனால் பில்லோடு சேர்ந்து வரும்போது எல்லோருக்கும் பகீர் என்கிறது. போன பில்லைத் தேதி தாண்டிக் கட்டியதற்கான அபராதமும் சத்தமில்லாமல் இந்தப் பில்லில் உட்கார்ந்திருக்கும்.

கட்டண வகை மாறியிருப்பது கொஞ்சம் பெரிய விஷயம். கார்டில் 1-ஏ என்று இருந்தால் வீடு. அபார்ட்மென்டின் படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், பொது மோட்டார் எல்லாவற்றுக்கும் 2022-ல் 1-டி என்று தனி வகை கொண்டுவந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள், இலவச 100 யூனிட்டும் கிடையாது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2023 கடைசியில், பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அதை 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் இந்த வரம்புக்குள் இருந்தும் பொது மீட்டருக்குப் பழைய விகிதமே போகிறதா என்று பாருங்கள். சங்கத்தில் பராமரிப்புக் கட்டணம் கூடியதற்கு வாட்ச்மேன் சம்பளத்தைக் காரணம் சொல்வார்கள், யாரும் அந்தக் கார்டை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டு முன்னறையில் டெய்லர் கடையோ பெட்டிக்கடையோ வைத்து இணைப்பு வணிக வகைக்கு மாறியிருந்தாலும் இலவசம் போய்விடும். செல்லூர்ப் பக்கம் கைத்தறி வைத்திருப்பவர்கள் இதற்கு நேர் எதிரானதைக் கவனிக்க வேண்டும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை, விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரை இலவசம் என்று 2023-ல் உயர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சலுகை தறி இணைப்புக்கு உரிய வகையில் பதிவாகியிருந்தால்தான் வரும்.

"யூனிட் கொஞ்சம்தான் கூடுச்சு, பில் ஏன் இவ்வளவு?"

மதுரையில் நான் பார்க்கும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். மீட்டரில் குறையில்லை, வயரிங்கில் குறையில்லை. 500 என்ற வேலியைத் தாண்டியிருப்பார்கள்.

மேலே சொன்ன 2.35 ரூபாய் சலுகை, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 501 ஆனதும் கணக்கு அடியிலிருந்தே மாறும். முதல் 100 இலவசமாகவே இருக்கும், ஆனால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. நம் ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் இப்படி ஒரு லிட்டர் கிடையாது!

இன்னொரு உதாரணம். பங்குனிக்கு முந்தைய பில் 480 யூனிட், 1,679 ரூபாய். கோடையில் 620 யூனிட், 3,069 ரூபாய். யூனிட் முப்பது சதவீதம்கூடக் கூடவில்லை, பணம் எண்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. "மீட்டர் டபுளா ஓடுது" என்று சொல்லும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆக, 500-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வீட்டுக்குத்தான் சிக்கனம் உண்மையில் பணம் தரும். 540-ல் இருப்பவர் 45 யூனிட் குறைத்தால் அறுநூறு ரூபாய் மிச்சம். 250-ல் இருப்பவர் அதே 45 யூனிட் குறைத்தால் இருநூறு ரூபாய்தான். 900-ல் இருப்பவர் ஒரு யூனிட் குறைத்தாலும் பத்தரை ரூபாய் மிஞ்சும், ஆனால் வேலி அவருக்கு ரொம்பத் தூரம்.

செய்ய வேண்டியது: 500-ஐ 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் சொச்சம். ரீடிங் எடுத்த அன்று மீட்டரில் இருந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். முப்பதாம் நாள் போய்ப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது, ஏ.சி.யின் நேரத்தைக் குறைக்கலாம். ஐம்பத்தைந்தாம் நாள் பார்த்தால் வெறும் வருத்தம்தான் மிஞ்சும்.

"ரீடிங் எடுக்க லேட்டா வந்தாங்க"

இதைச் சாக்கு என்று தள்ள முடியாது. ஒரு நாளைக்கு 8.2 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 492 யூனிட், ஏறக்குறைய 1,755 ரூபாய். அறுபத்து நான்காம் நாள் எடுத்தால் 525 யூனிட், 2,250 ரூபாய். நான்கு நாள் தாமதத்துக்கு ஐந்நூறு ரூபாய். அடுத்த சுற்றில் நாள் குறையும் என்பது உண்மைதான், ஆனால் இந்தச் சுற்றில் போன சலுகை திரும்பாது.

இணையதளத்தில் முந்தைய ரீடிங் தேதியையும் இந்த ரீடிங் தேதியையும் எடுத்து நாளை எண்ணுங்கள். அறுபதைத் தாண்டுவது வழக்கமாக இருந்தால், இனி அறுபதாம் நாள் மீட்டரைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

வீடு பூட்டியிருந்த நாளில் வந்தார்கள் என்றால் முந்தைய உபயோகத்தை வைத்துத் தோராயமாகப் போட்டிருப்பார்கள். அடுத்த ரீடிங்கில் அது நேராகும். நேராகாவிட்டால் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்து பத்து நாள் வீடு நிறைந்திருந்த காலத்து உபயோகத்தை வைத்து அடுத்த பூட்டிய வீட்டுக்கு பில் போட்டால், அது பெரிய தொகையாகத்தான் இருக்கும்.

"யூனிட் நிஜமாவே கூடியிருக்கு"

சரி, இப்போது வீட்டுக்குள் வரலாம். எல்லோரும் லைட்டை அணைப்பதில் தொடங்குவார்கள். அது தவறான இடம். எல்.இ.டி. பல்ப் ஒன்று நாள் முழுக்க எரிந்தாலும் சல்லிக்காசுதான். பார்க்க வேண்டிய வரிசை வேறு: தண்ணீர் மோட்டார், ஏ.சி., ஃபிரிட்ஜ், ஃபேன்.

மோட்டாரை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.சி. இல்லாத வீட்டிலும் மோட்டார் உண்டு. 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். முன்பு தொட்டி அரை மணியில் நிறைந்து, இப்போது ஒன்றரை மணி ஆகிறது என்றால், இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட் அங்கேயே போய்விட்டது. வைகையில் தண்ணீர் ஓடாத மாதங்களில் நிலத்தடி நீர் இறங்கும். போர் ஆழத்திலிருந்து இழுக்க மோட்டார் அதிக நேரம் ஓடும். கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம், அதே தண்ணீருக்கு நீர்மூழ்கி மோட்டாரைவிட அதிகக் கரண்ட் தின்னும். தண்ணீரும் காற்றுமாகத் துப்புகிறதா என்று குழாயைப் பாருங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் அதிகாலையில் போடுங்கள். குறைந்த வோல்டேஜில் மோட்டார் சூடாகும், தண்ணீரும் மெல்ல ஏறும்.

இன்னொன்று, மோட்டார் நன்றாக இருந்து தொட்டி ஒழுகும் வீடுகள். இரவு படுக்கும்போது தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, யாரும் குழாய் திறக்காத நேரத்துக்குப் பிறகு அதிகாலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பெரும்பாலும் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியின் வாஷர்தான். சில ரூபாய் வாஷருக்காக மாதக்கணக்கில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏ.சி. பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை டன் ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மதுரைக் கோடையில் ஏழெட்டு யூனிட் சாதாரணமாகப் போகும். அதாவது ஒரே ஏ.சி. தனியாகவே உங்கள் 500-ஐத் தின்னும் அளவு. 20-ல் வைக்காமல் 26-ல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஆறு சதவீதம் போல மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) கணக்கு. ஃபில்டரைக் கழுவுங்கள். வெளி யூனிட் மேற்குச் சுவரில் மாலை வெயிலில் வெந்துகொண்டிருந்தால் அதற்கு நிழல் கொடுங்கள், ஆனால் காற்றை அடைக்காமல்.

ஆனால் ஏ.சி.யைக் குறை சொல்வதற்கு முன் மொட்டைமாடியைப் பாருங்கள். நம் ஊரில் மேல்மாடி வீட்டுக்காரர்களின் பில் ஏன் கீழ்வீட்டைவிட எப்போதும் கூடுதல்? பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், இரவு பதினொரு மணி வரை சூட்டைக் கக்கும். ஏ.சி. அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டுகிறது. மாடியில் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிப்பது, தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது இரண்டும் ஸ்டார் குத்திய புது ஏ.சி. வாங்குவதைவிட மலிவு. பந்தல் இருந்தால் துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் சண்டை வரும். அது உங்கள் பாடு.

ஃபிரிட்ஜ்: கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது, குளிர் கசிகிறது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுங்கள்.

ஃபேன்: பழைய ஃபேன் 75 வாட். மதுரையில் அது நாளில் பதினெட்டு மணி நேரம் ஓடும். இரண்டு மாதத்துக்கு 81 யூனிட். பி.எல்.டி.சி. என்று விற்கும் கரண்ட் சிக்கன ஃபேன் 30 வாட் போல எடுக்கும், அதே நேரத்துக்கு 32 யூனிட். மூன்று ஃபேன் ஓடும் வீட்டில் மாற்றினால் 140 யூனிட்டுக்கு மேல் குறையும். 600-ல் இருக்கும் வீட்டை 500-க்குக் கீழே இறக்க இது ஒன்றே போதும்.

"எல்லாத்தையும் அணைச்சாலும் மீட்டர் மின்னுது"

இதை மட்டும் உடனே பாருங்கள். பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது.

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும், அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். முதலில் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள், மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி ஆகியவற்றின் பிளக்கையும் உருவிவிடுங்கள். இன்வெர்ட்டரை மறப்பவர்கள்தான் அதிகம். விளக்கு மின்னுவது நிற்க வேண்டும்.

நிற்கவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு எட்டு தடவை மின்னினால் 150 வாட் எங்கோ போகிறது. நாள் முழுக்க அப்படிப் போனால் 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216.

அடுத்து மெயினை அணையுங்கள். இப்போது நின்றுவிட்டால் கோளாறு வீட்டு வயரிங்கில். சுவருக்குள் ஈரம், எலி கடித்த வயர், மோட்டாருக்குப் போகும் கேபிள் மூன்றில் ஒன்றாக இருக்கும். மோட்டார் கேபிளை முதலில் சந்தேகியுங்கள், மண்ணுக்குள்ளும் போருக்குள்ளும் கிடந்து நைந்துபோவது அதுதான். எம்.சி.பி.களை (பெட்டியில் இருக்கும் சின்ன ட்ரிப் ஸ்விட்சுகளை) எல்லாம் இறக்கிவிட்டு, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி, எதை ஏற்றும்போது மின்னத் தொடங்குகிறது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும். அதற்கு மேல் நீங்கள் கை வைக்காதீர்கள், உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். வரும்போதே கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொல்லிவிடுங்கள்.

மெயினை அணைத்த பிறகும் மின்னினால்? மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கொக்கி போட்டிருக்கலாம், அல்லது மீட்டரே கெட்டிருக்கலாம். இரண்டையும் மின்வாரியம்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஒண்டிக்குடித்தன வீடுகளிலும், ஒரே கட்டடத்தை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட வீடுகளிலும் இன்னொரு கோளாறு வரும். இரண்டு வீட்டு நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இப்போதுள்ள ஸ்டாட்டிக் (எலக்ட்ரானிக்) மீட்டர், போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும். மேல்வீட்டு ஃபேனின் கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பினால் அது உங்கள் மீட்டரிலும் ஏறும், மேல்வீட்டு மீட்டரிலும் ஏறும். இருவருக்கும் நஷ்டம், திருடியது யாரும் இல்லை. மீட்டரில் எர்த் என்று எழுதிய விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இதைத்தான் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். "உன் வீட்டு கரண்ட்ட நான் ஏன்டா கட்டணும்" என்று அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன பிறகு வயர்மேனைக் கூப்பிடுவதைவிட முன்னால் கூப்பிடுவது நல்லது.

"வாடகை வீடு, சப்மீட்டர், யூனிட் எட்டு ரூபாய்"

வில்லாபுரத்திலும் ஆரப்பாளையத்திலும் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. ஒரு மெயின் மீட்டர், அதிலிருந்து நான்கு குடித்தனம், ஆளுக்கொரு சப்மீட்டர். நான்கு வீட்டு உபயோகமும் ஒரே இணைப்பில் கூடுவதால் மொத்தம் 500-ஐத் தாண்டி, மேல் விகிதத்தில் ஏறிவிடும். வீட்டுக்காரர் அதைச் சமாளிக்க ஒரே விலையாக எட்டோ பத்தோ வாங்குவார். அவர் மேல் மட்டும் தப்பில்லை, ஆனால் நான்கு குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டிய இலவச 100 யூனிட்டில் மூன்று வீட்டுப் பங்கு காணாமல் போகிறது. தனித்தனி இணைப்பாக இருந்தால் 150 யூனிட் ஓட்டும் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 117 ரூபாய் 50 காசுதான் கட்டும். சப்மீட்டரில் அதே 150 யூனிட்டுக்கு 1,200.

தனி வாசல், தனிச் சமையலறை உள்ள குடித்தனத்துக்குத் தனி இணைப்பு கேட்கலாம். வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், அங்கேதான் சிக்கும். "அண்ணே, டெபாசிட்டும் இணைப்புச் செலவும் நாங்க பாதி போட்டுக்கிறோம்" என்று நாலு குடித்தனமும் சேர்ந்து பேசினால் மசிவதுண்டு. தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த மாதம் வீடு காலி பண்ணச் சொல்வார்கள்.

"சிலிண்டர் விலை ஏறிக்கிட்டே போகுது"

இதில் நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை, ஆனால் ஏன் என்று தெரிந்திருக்கலாம். நாட்டின் எல்.பி.ஜி. தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. சவுதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலை, டாலர் மதிப்பு, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து அடிப்படை விலை. அதை மக்களிடம் எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு எண்ணெய் நிறுவனங்கள் தாங்குவது என்பது டெல்லியின் முடிவு, தேர்தல் நேரத்தில் அது நன்றாகவே தெரியும். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய், 2023 மார்ச்சில் 1,118.50. அந்த ஆகஸ்டில் 200 குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறி 868.50. மதுரையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

மானியம் வரவில்லை என்று வங்கிக்கு அலைய வேண்டாம். 2020 மே மாதத்திலிருந்து உஜ்வாலா (ஏழைக் குடும்பப் பெண்களுக்கான மத்திய அரசின் கேஸ் திட்டம்) இல்லாத இணைப்புகளுக்கு அது ஏறக்குறைய நின்றுபோனது, வந்தாலும் சொற்பத் தொகைதான். உஜ்வாலா இணைப்புக்கு 300 ரூபாய் வருகிறது. அது வராவிட்டால்தான் ஆதார், வங்கி இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

ரசீதில் உள்ள தொகையைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறீர்களா? வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி அந்த விலைக்குள்ளேயே அடக்கம். "அக்கா, மூணாவது மாடி" என்று நிற்பவருக்கு நீங்கள் மனமுவந்து கொடுப்பது வேறு. கேட்டு வாங்குவது முறையில்லை.

"நாப்பத்தஞ்சு நாள் வந்த சிலிண்டர் முப்பது நாள்லயே தீருது"

வாங்கும்போதே எடை பாருங்கள். சிலிண்டரின் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்த்தால் வர வேண்டிய எடை. தராசு வைத்திருப்பது கொண்டுவருபவரின் கடமை, கேட்கத் தயங்காதீர்கள். குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். மாற்றிய தேதியைச் சிலிண்டரிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள், "போன தடவை எத்தனை நாள் வந்துச்சு" என்ற வாதம் இருக்காது.

எடை சரி என்றால் கசிவு. சோப்பு நுரையை ரெகுலேட்டர், டியூப் இரண்டு முனை, அடுப்பின் திருகு எல்லாவற்றிலும் தடவுங்கள், குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துச் சோதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், வேண்டாம். ஆரஞ்சு நிற ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாசனை பலமாக வந்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

கசிவும் இல்லையா? தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும்தான் காரணம். கழற்றி, ஊசியால் குத்தி, கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தீர்ந்தால், அடுப்பில் குளிக்க வெந்நீர் வைக்கிறீர்களா என்று கேட்பேன். மார்கழி, தை மாதங்களில் மதுரை வீடுகளில் சிலிண்டர் சீக்கிரம் தீர்வதற்கு இதுதான் காரணம். ஒரு வாளித் தண்ணீருக்கு 30, 40 கிராம் கேஸ் போகும். மூன்று பேர் தினமும் குளித்தால் மாதத்துக்கு மூன்று கிலோ, சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

"இண்டக்‌ஷனுக்கு மாறினால் மிச்சமா?"

ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். சிலிண்டர் 870 ரூபாய் என்று வைத்தால், யூனிட் 6.70 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும் வரை இண்டக்‌ஷன் லாபம். ஆகவே பதில் உங்கள் கரண்ட் பில்லில் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீடு 130 சேர்த்தால் 380. கூடுதல் செலவு 611 ரூபாய், சிலிண்டரைவிட இருநூற்றைம்பது ரூபாய் மிச்சம். 450 ஓடும் வீடு 130 சேர்த்தால் 580, வேலி தாண்டியாயிற்று. 1,490 ரூபாய் பில் 2,712 ஆகும். 870 ரூபாய் சிலிண்டரை மிச்சம் பிடிக்க 1,222 ரூபாய் செலவு. கேஸ் செலவு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட வீட்டில் கரண்ட் பில் எகிறுவதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கும். 450-ல் இருப்பவர்கள் முதலில் ஃபேன், மோட்டாரைச் சரிசெய்து 350-க்கு வந்துவிட்டு, பிறகு இண்டக்‌ஷன் வாங்கலாம். அதுவும் கோடையில் கேஸ், மழைக்காலத்தில் இண்டக்‌ஷன் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தொடர்ந்து 800, 1,000 என்று போகும் வீட்டுக்குச் சிக்கனம் பற்றிப் பேசிப் பயனில்லை. சொந்த மொட்டைமாடி இருந்தால் சோலார் போடுங்கள். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மதுரை வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்கு நான்கு யூனிட் போலத் தரும். 500-க்குள் இருக்கும் வீட்டுக்குப் போட்ட பணம் திரும்ப வருவதற்கு ரொம்ப வருடம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

எல்லாம் பார்த்தாச்சு, மீட்டர் மேல்தான் சந்தேகம்

அப்போது புகார் கொடுக்கலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரைச் சோதிக்கக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், கழற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். மாற்று மீட்டர் மாட்டும்போது பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் புதியதன் தொடக்க எண்ணையும் போட்டோ எடுங்கள், பில் குளறுபடி பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் நடக்கிறது. பிரிவு அலுவலகத்தில் தீர்வு வராவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கும் ஆகாவிட்டால் சென்னையில் இருக்கும் மின்குறைதீர்ப்பாளர். வழக்கறிஞர் தேவையில்லை. நோட்டில் தேதி போட்டு எழுதிய ரீடிங்குகளும் போட்டோக்களும் போதும்.

இடையில், "பில் கட்டவில்லை, இன்று இரவு கரண்ட் கட், இந்த எண்ணில் பேசவும்" என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்தால் பேசாதீர்கள். இணையதளத்தில் உங்கள் சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள், பாக்கி இருந்தால் அங்கே தெரியும்.